ஈஸ்டரும் மக பிறந்தநாளும் ஒரே நாள்ல வருது, நீங்கல்லாம் எப்படி வைப்பீங்க?

உப்புக்காத்து_அம்மா (மார்ச் 14)

எல்லாருக்கும் வணக்கம். நாங்க தூத்துக்குடி, ஆர்.சி. என் மக 2015 ஏப்ரல் 5ஆம் தேதி பிறந்தா, அன்னைக்கு ஈஸ்டர் ஞாயிறு. சனிக்கிழமை ராத்திரி எங்க வீட்டுக்காரங்க பாஸ்கா பூசையில நிக்கும்போது எனக்கு வலி வந்துட்டுன்னு போன் போயி, கையில பிடிச்சிருந்த மெழுகுதிரிய அப்படியே சட்டப்பையில போட்டுக்கிட்டு ஓடி வந்தாங்க, விடியக்கால அஞ்சு மணிக்கு பாப்பா. சட்டையில மெழுகு ஒட்டினது கடைசி வரைக்கும் போகல, அந்தச் சட்டைய இன்னும் வச்சிருக்கேன்.

அதுக்கப்புறம் இந்த வருசம்தான் அவ பிறந்தநாளும் ஈஸ்டரும் திரும்ப ஒண்ணா வருது. பிள்ளைக்கு 11 முடியுது.

நடுவுல பத்து பிறந்தநாள் போச்சு, அதுல ஆறு தவக்காலத்துல, அதான் ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள் நோன்புல, மாட்டிக்கிச்சு. எங்க வீட்டுல தவக்காலம் முழுக்க கறி கோழி கிடையாது, மீன் உண்டு, வெள்ளிக்கிழமைன்னா அதுவும் கிடையாது. 2019ல வெள்ளிக்கிழமையா போச்சு, சாயங்காலம் கோயில்ல சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போயிட்டு வந்து எட்டரை மணிக்கு கேக் வெட்டி சாம்பார் சாதம் சாப்பிட்டோம். 2023ல பெரிய வாரத்து புதன்கிழமை, யாரையும் கூப்பிடவே மனசு வரல. 2020ல குருத்து ஞாயிறு, லாக்டவுன், கோயில் பூட்டு, டிவியில பூசை பாத்துட்டு வீட்டுல கெடந்த தென்னங்குருத்த கிழிச்சு சிலுவ பண்ணிக் கொடுத்தேன். அன்னைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு நாடு பூரா லைட்ட அணைச்சுட்டு விளக்கு ஏத்தச் சொன்னாங்கல்ல, ஞாபகம் இருக்கா, தெருவுல வீட்டுக்கு வீடு மெழுகுதிரி, இவ மாடியில நின்னு பாத்துட்டு எல்லாரும் எனக்காகவா ஏத்திருக்காங்கன்னு கேட்டா. ஆமாம்மான்னு சொல்லிட்டேன். 2021ல ஈஸ்டருக்கு மறுநாள், கறி சாப்பிடலாம்தான், ஆனா மறுநாள் எலெக்சன், இவங்க வாத்தியாரு, பூத் டூட்டிக்கு காலையிலயே கிளம்பிட்டாங்க, அப்பா இல்லாம கேக் வெட்டினா.

அதனால இந்த வருசம் பெருசா வைக்கணும்னு மனசுல ஒரு ஆச, இவங்களும் சரின்னுட்டாங்க. இப்ப என் பிரச்சன ரெண்டு.

ஒண்ணு எங்க அத்த. அவங்க நாப்பது நாளும் ஒரு நேரம் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கவங்க. "ஈஸ்டர் ஆண்டவரோட நாள், அன்னைக்கு பலூன கட்டி பாட்ட போட்டு கேக் வெட்டாதீங்க, அடுத்த ஞாயிறு வச்சுக்கோங்க"ங்கறாங்க. கோவமா சொல்லல, ரொம்ப மெதுவாத்தான் சொன்னாங்க, அதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு. அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. வருசத்துலயே பெரிய திருநாள், அத பர்த்டே பார்ட்டியா மாத்திட்டா நாளைக்கு பிள்ளைக்கு ஈஸ்டர்னா என்னன்னு தெரியும்?

ரெண்டாவது பாப்பா. நேத்து டிரஸ் எடுக்கப் போனோம், ஒரு டிரஸ் எடுத்ததும் மூஞ்சி சுருங்கிட்டு. என்னடின்னா "எப்பவும் ஈஸ்டருக்கு ஒண்ணு பர்த்டேக்கு ஒண்ணு எடுப்பீங்க, இந்த வருசம் ரெண்டுக்கும் சேத்து ஒண்ணாம்மா?"ன்னு கேக்குறா. சின்ன விசயம்தான். ஆனா அவ கேட்டது டிரஸ் மட்டும் இல்லன்னு எனக்குப் பட்டுச்சு, என் நாள் எங்க போச்சுன்னு கேக்குற மாதிரி இருந்துச்சு.

பாஸ்கா பூசை எங்க பங்குல ராத்திரி 11 மணிக்கு, முடிய ஒன்றரை ஆயிரும். 12 மணிக்கு எப்பவும் அவள எழுப்பி விஷ் பண்ணுவோம், இந்தத் தடவ அந்த நேரம் கோயில்ல நிப்போம். கேக்க எப்ப வெட்டுறது, யாரக் கூப்பிடுறது, அத்த மனசும் நோகாம பிள்ள மனசும் நோகாம எப்படி செய்யறது, இப்படி ஒண்ணா வந்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்களேன்.

---

டிசம்பர்_25

அக்கா நான் கிறிஸ்மஸ் அன்னைக்கு பிறந்தவன், வயசு 34. சின்ன வயசுல எல்லாரும் ஒரே கிஃப்ட்ட கொடுத்துட்டு "இது ரெண்டுக்கும் சேத்து"ன்னு சொல்வாங்க. இன்னைக்கு வரைக்கும் அந்த வார்த்த காதுல கேக்குது. ரெண்டு டிரஸ் எடுங்க. ரெண்டாவது இருநூறு ரூவாய்க்கு பருத்தி கவுனா இருந்தாலும் பரவால்ல, ஆனா ரெண்டு எடுங்க, வேற ஒண்ணும் சொல்லத் தெரியல.

---

பீடத்துக்கு_வலப்பக்கம்

வணக்கம் சகோதரி. நான் பாடகர் குழுவுல இருபது வருசமா பாடுறேன், மறைக்கல்வியும் எடுக்கேன், அதனால பூசை பக்கமா எனக்குத் தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

மொதல்ல தவக்கால விசயம். சபைச் சட்டப்படி சுத்தபோசனம், அதான் கறி ஒதுக்குறது, 14 வயசு முடிஞ்சவங்களுக்குத்தான் கடமை, ஒருசந்தி 18 முடிஞ்சதுல இருந்து 59 முடியற வரைக்கும். உங்க பாப்பாவுக்கு இதுவரைக்கும் கடமையே கிடையாது, அவ சாம்பார் சாதம் சாப்பிட்டு பிறந்தநாள் வச்சதெல்லாம் வீட்டோட சேர்ந்து அவளா கொடுத்தது. இத அவகிட்ட ஒரு தடவ சொல்லுங்க, உன் பிறந்தநாள நாங்க மறக்கல, நீ அத காணிக்கையா கொடுத்தேன்னு. அடுத்து உங்க அத்தைகிட்ட ஒண்ணு சொல்லுங்க, ஈஸ்டர்ங்கறது அந்த ஒரு நாளோட முடியறது இல்ல, எட்டு நாளும் பெருவிழாதான், அதுக்கப்புறம் பெந்தெகோஸ்தே வரைக்கும் 50 நாள் பாஸ்கா காலம். அழுது நோன்பு இருக்க 40 நாள் கொடுத்த சபை, சந்தோசப்பட 50 நாள் கொடுத்திருக்கு. அதனால அந்தக் காலத்துல ஒரு பிள்ள கேக் வெட்டுறது ஆண்டவருக்கு எதிரா ஒண்ணும் இல்ல.

இப்ப அந்த 12 மணி விசயத்துக்கு வாரேன், நான் எழுத வந்ததே இதுக்குத்தான். பாஸ்கா பூசை எப்படி போகும்னு யோசிச்சுப் பாருங்க. 11 மணிக்கு கோயில் லைட்டெல்லாம் அணைச்சு வெளிய புது நெருப்பு மூட்டி மந்திரிப்பாங்க. பெரிய பாஸ்கா திரியில ஃபாதர் சிலுவ கீறி, மேல அகரம் கீழ னகரம் எழுதி, நாலு பக்கமும் இந்த வருசத்து எண் 2, 0, 2, 6ன்னு கீறுவாரு, அஞ்சு சாம்பிராணி மணி பதிப்பாரு. அந்தத் திரியில இருந்து பீடச்சிறுவர் ஏத்தி, அவங்ககிட்ட இருந்து நம்ம திரி, பக்கத்து ஆள் திரின்னு கோயில் முழுக்க வெளிச்சம் பரவும். அப்புறம் பாஸ்கா புகழுரை, அப்புறம் பழைய ஏற்பாட்டு வாசகங்கள், ஏழு இருக்கு, பெரும்பாலும் பங்குகள்ல மூணு நாலு வாசிப்போம். அது முடிஞ்சதும் வானவர் கீதம் பாடுவோம். பெரிய வியாழக்கிழமைல இருந்து வாய் மூடிக் கெடந்த மணியெல்லாம் அப்பத்தான் அடிக்கும், அதுவரைக்கும் மரக்கட்டையத்தான தட்டிக்கிட்டு இருந்தோம். 11க்கு ஆரம்பிச்ச பூசையில அந்த இடம் வர்றதுக்கு எப்படியும் 12 ஆகிரும், எங்க பங்குல போன வருசம் 11.55. நீங்க தனியா எழுப்பி விஷ் பண்ண வேண்டாம். மணி அடிக்கும்போது அவ காதுல "ஹேப்பி பர்த்டே பாப்பா"ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அவ பிறந்த நாளுக்கு ஊர்ல உள்ள மணியெல்லாம் அடிக்குது, எந்தப் பிள்ளைக்கு இது கிடைக்கும்?

இன்னொண்ணு. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தப்ப ஒரு திரி கொடுத்திருப்பாங்க, ஞானத்தகப்பன் கையில கொடுத்து பாஸ்கா திரியில ஏத்தச் சொல்லியிருப்பாங்க. அது வீட்டுல இருந்தா எடுத்துட்டுப் போங்க. அன்னைக்கு ராத்திரி எல்லாரும் கையில எரியற திரியோட ஞானஸ்நான வாக்குறுதிய புதுப்பிப்போம்ல, அவ கடையில வாங்கின திரிய பிடிக்காம அவ சொந்தத் திரியவே பிடிக்கட்டும். அப்புறம் அதே திரிய கேக்கு பக்கத்துல வச்சு ஏத்துங்க. ஊதி அணைக்கற சின்ன திரியெல்லாம் கேக்கு மேல, இது பக்கத்துல. உங்க அத்த இதுக்கு வேண்டாம்னு சொல்லமாட்டாங்கன்னு நெனைக்கேன்.

கடைசியா ஒரு கணக்கு. ஈஸ்டர் தேதி நெலாவ வச்சு வர்றது, மார்ச் 21 அன்னைக்கோ அதுக்கப்புறமோ வர்ற முழு நிலாவுக்கு அடுத்த ஞாயிறு, அதான் மார்ச் 22ல இருந்து ஏப்ரல் 25 வரைக்கும் எங்க வேணாலும் போகும். இந்த வருசம் பெரிய வியாழன் ராத்திரி நற்கருணை இடமாற்றம் முடிஞ்சு வெளிய வரும்போது மேல பாருங்க, பௌர்ணமி நெலா. உங்க மக தேதிய பட்டியல்ல பாத்தேன். 2015, 2026, அப்புறம் 2037, அப்புறம் 2048. பதினோரு வருசத்துக்கு ஒருக்க. அடுத்த தடவ அவளுக்கு 22.

---

பாளையங்கோட்டை_வடக்குத்தெரு

நாங்க சிஎஸ்ஐ. எங்களுக்கு ராத்திரி பூசை கிடையாது, விடியக்கால ஆராதனை. நாலர மணிக்கெல்லாம் கோயில்ல இருப்போம், ஐயர், அதான் எங்க போதகர், "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்"னு சொல்ல, சபையா "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்"னு சொல்லும்போது எனக்கு இப்பவும் புல்லரிக்கும். எங்க வழக்கத்துல பிறந்தநாளுக்கு ஸ்தோத்திர காணிக்க போடுவோம், பேரச் சொல்லி ஜெபம் பண்ணுவாங்க. என் தங்கச்சி மகனுக்கு 2018ல ஏப்ரல் 1 ஈஸ்டரும் பிறந்தநாளும் ஒண்ணா வந்துச்சு, ஆராதனையிலயே பேர் வாசிச்சு ஜெபிச்சாங்க, அவன் அன்னைக்கு பூரா நெஞ்ச நிமித்திக்கிட்டு திரிஞ்சான். உங்க ஃபாதர்கிட்ட முன்னாடியே கேட்டுப் பாருங்க, பூசை முடிவுல தலையில கை வச்சு ஆசீர்வதிக்கச் சொல்லலாம்ல.

சாப்பாட்டுக்கு வாரேன், யாரும் அத சொல்லல. மட்டன சனிக்கிழம சாயங்காலமே சொல்லி வச்சிருங்க, ஈஸ்டர் அன்னைக்கு காலையில கறிக்கடை வரிசையில போயி நின்னா ரெண்டு மணி நேரம் போயிரும், எலும்புதான் மிஞ்சும். காலையில இட்லிக்கு கறிக்குழம்பு, அது ஈஸ்டர் சாப்பாடு, அத்த கையால வைக்கட்டும், நீங்க பக்கத்துல போகாதீங்க. மதியம் பிரியாணி, அது பிறந்தநாள் சாப்பாடு, அத பாப்பா கேக்குற மாதிரி செய்யுங்க. அத்தைக்கு குழம்பு, பிள்ளைக்கு பிரியாணி, ரெண்டு பேருக்கும் தனித்தனியா ஒரு அடுப்பு இருக்குல்ல. நாப்பது நாள் கறி படாத வயிறு, எண்ணெய்ய பாத்து ஊத்துங்க, அத்தைக்கு முக்கியமா.

கேக்க வெயில் தாழ்ந்த பிறகு வெட்டுங்க. ஏப்ரல்ல தூத்துக்குடி புழுக்கத்துல மத்தியானம் கிரீம் கேக்க வெளிய எடுத்தா அரை மணி நேரத்துல சரிஞ்சிரும். வர்ற பிள்ளைகளுக்கு கையில கொடுத்துவிட பிளாஸ்டிக் சாமான் எதுவும் வாங்காதீங்க, உங்க ஊர் மக்ரூன் இருக்கும்போது வேற என்ன வேணும். முட்ட வெள்ளைக்கருவும் முந்திரியும் சீனியும்தான, ஈஸ்டர்னா முட்டங்கறாங்க, மக்ரூன்லயும் முட்ட இருக்கு, பொருத்தமாத்தான் இருக்கும்.

---

வாவிக்கரை

அக்கா, நான் மட்டக்களப்பு. எழுதுவமா வேண்டாமா எண்டு ரெண்டு நாளா யோசிச்சிட்டுத்தான் எழுதுறன்.

என்ட மகன் 2014 ஏப்ரல் 21. அந்த வருசம் அது ஈஸ்டருக்கு அடுத்த நாள். 2019ல அவனுக்கு அஞ்சு வயசு, பிறந்தநாளும் ஈஸ்டரும் ஒரே நாள். நாங்களும் உங்கள மாதிரித்தான், எவ்வளவு சந்தோசமா ஆயத்தப்படுத்தினம். பூசை முடிஞ்சு வந்து அவனுக்குப் புது உடுப்பு போட்டுவிட்டுக்கொண்டு நிக்கேக்க சத்தம் கேட்டது. சீயோன் தேவாலயம். முதல்ல என்னவோ வெடிச்சிட்டுது எண்டுதான் நினைச்சம், பிறகு கொழும்பில கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பில கட்டுவாப்பிட்டி கோயில் எண்டு ஒவ்வொண்டா குண்டு வெடிச்ச செய்தி வந்தது. சீயோன்ல சண்டே ஸ்கூல் முடிஞ்சு வெளிய நிண்ட பிள்ளைகள். அவன்ட வயசுப் பிள்ளைகள்.

கேக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளயே கிடந்தது. நாலாம் நாள் எடுத்து வீசினன்.

அடுத்த ரெண்டு வருசம் நாங்க அவனுக்கு 21ஆம் தேதி ஒண்டும் செய்யேல்ல. வேற நாளுக்கு மாத்தினம். ஒரு நாள் அவன் கேட்டான், "அம்மா நான் கூடாத நாளிலயா பிறந்தனான்?" எண்டு. அண்டைக்குத்தான் எனக்கு விளங்கிச்சு, நாங்க நாள மாத்தினது பிள்ளைக்கு எப்பிடிப் பட்டிருக்கு எண்டு. இப்ப 21ஆம் தேதியே செய்யிறம். காலமை கோயிலுக்குப் போய் அந்தப் பிள்ளைகளுக்காக திரி கொளுத்துவம், அவனும் கொளுத்துவான். பின்னேரம் கேக் வெட்டுவம், சின்னனா, வீட்டு ஆக்களோட. ரெண்டும் ஒரே நாளில நடக்கும், முதல் அது, பிறகு இது.

2030ல திரும்ப ஈஸ்டர் ஏப்ரல் 21லதான் வருது. அவனுக்கு 16 ஆயிரும். எனக்கு இப்பவே நெஞ்சு இடிக்குது. ஆனா நாள மாத்தமாட்டன்.

உங்கட மாமி சொல்றது சரிதான், ஆண்டவருக்கு முதலிடம். ஆனா அடுத்த ஞாயிறுக்குத் தள்ளாதீங்கோ அக்கா. அவ பிறந்த நாளில அவவுக்கு செய்யுங்கோ. சின்னனா எண்டாலும் அண்டைக்கே செய்யுங்கோ.

---

பீடத்துக்கு_வலப்பக்கம்

வாவிக்கரை சகோதரி, படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத முடியல. இந்த வருசம் பாஸ்கா பூசையில உங்க ஊரு பிள்ளைகளுக்காக ஒரு விண்ணப்பம் சேத்து வாசிக்கிறோம், ஃபாதர்கிட்ட பேசிட்டேன்.

---

உப்புக்காத்து_அம்மா (ஏப்ரல் 6)

எல்லாருக்கும் பாஸ்கா வாழ்த்து. நேத்தே எழுதணும்னு நெனச்சேன், அசந்து தூங்கிட்டேன்.

வாவிக்கரை தங்கச்சி எழுதினத எங்க அத்தைக்கு மார்ச் மாசமே வாசிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு ஒண்ணுமே சொல்லல, உள்ள போயி ஜெபமாலைய எடுத்துக்கிட்டு உக்காந்துட்டாங்க. மறுநாள் காலையில அவங்களா வந்து "அடுத்த ஞாயிறெல்லாம் வேண்டாம், அன்னைக்கே வெட்டுங்க, ஆனா பாட்டு சத்தம் வேண்டாம்"னாங்க. எனக்கும் அதுவே சரின்னு பட்டுச்சு.

ஞானஸ்நானத் திரிய பீரோவுக்குள்ள தேடி எடுத்தேன். பதினோரு வருச வெக்கையில அப்படியே வளைஞ்சு மஞ்சளா போயிருந்துச்சு, வெந்நியில வச்சு நிமித்தப் பாத்தேன், உடைஞ்சிருமோன்னு பயந்து விட்டுட்டேன். வளைஞ்ச திரியவே கொண்டு போனா. சுத்தி எல்லாரும் நேரான திரி வச்சிருக்க இவ மட்டும் வளைஞ்சத வச்சிருக்கா, வெக்கப்படுவாளோன்னு நெனச்சேன், ஆனா பக்கத்துல கேட்டவங்களுக்கெல்லாம் "இது நான் குழந்தையா இருக்கும்போது கொடுத்தது"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தா. நாங்க கோயில் முற்றத்துல புது நெருப்புக்கிட்ட நின்னோம், கடக்காத்து வேற, ரெண்டு தடவ அணைஞ்சுட்டு, மூணாவது தடவ எங்க அத்த முந்தானைய விரிச்சு மறைச்சு நின்னுக்கிட்டாங்க, உள்ள போற வரைக்கும் அப்படியே பக்கத்துல நடந்து வந்தாங்க.

மணி 12 ஆகி நாலு நிமிசம் கழிச்சு அடிச்சுது. நான் சொல்றதுக்கு முன்னாடி இவங்க குனிஞ்சு சொல்லிட்டாங்க. பிள்ள என்னப் பாத்து சிரிச்சா, நான் அழுதுட்டேன், சுத்தி யாருக்கும் தெரியல, எல்லாரும் பாடிக்கிட்டு இருந்தாங்க. அப்பத்தான் 2015ல இவங்க பாதியில விட்டுட்டு வந்த பூசை ஞாபகம் வந்துச்சு.

ஃபாதர் முடிவுல அவ தலையில கை வச்சு ஜெபிச்சாரு. வீட்டுக்கு வரும்போது ரெண்டு மணி, வண்டியிலயே தூங்கிட்டா.

காலையில அத்த இட்லியும் கறிக்குழம்பும், மதியம் பிரியாணி, பாளையங்கோட்டை அக்கா சொன்ன மாதிரி நான் குழம்பு பக்கமே போகல. டிரஸ் ரெண்டு, கோயிலுக்கு மஞ்ச பாவாட சட்ட, சாயங்காலத்துக்கு நீல கவுன். கேக் ஆறு மணிக்கு மொட்டமாடியில. கூட படிக்கற பிள்ளைங்க பாதிப் பேரு சொந்த ஊருக்குப் போயிட்டாங்க, நாலு பேருதான் வந்தாங்க, அதுல ரெண்டு பேரு கோயிலுக்கே போகாத வீட்டுப் பிள்ளைங்க, அந்த வளைஞ்ச திரி என்னன்னு கேட்டாங்க, இவ புது நெருப்புல இருந்து ஆரம்பிச்சு சொல்லிக் கொடுத்தா. எங்க அத்த பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க. மொத துண்ட அத்தைக்குத்தான் ஊட்டுனா.

2037 கணக்கையும் சொன்னேன். "அப்ப எனக்கு 22, அப்பவும் நீங்க எல்லாரும் வரணும்"னா. அத்தைக்கு இப்ப 73, "பாப்போம் மக்கா"ன்னாங்க.

திரியில இன்னும் முக்காவாசி இருக்கு. வாவிக்கரை தங்கச்சி, இந்த 21ஆம் தேதி உங்க மகனுக்கு 12 ஆகுதுல்ல, அன்னைக்கு சாயங்காலம் அவனுக்காக இத ஏத்தணும்னு பாப்பா சொல்றா. பேரச் சொல்லி ஜெபிக்கணுமாம். இங்க வெளிய எழுத வேண்டாம், தனியா ஒரு மெசேஜ்ல அவன் பேர் மட்டும் அனுப்புங்க. எத்தன மணிக்கு நீங்க கேக் வெட்டுவீங்கன்னும் சொல்லுங்க, அதே நேரத்துக்கு ஏத்துறோம்.